ராமையா அண்ணையின் நெல் எரிந்த விதம்

"பீடி ராமையா மோசம் போயிட்டார் அண்ணை. காலமை நெஞ்சுக்குள்ள நோகுதெண்டவராம், அவ்வளவுதான்." நெடுங்கேணிச் சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த வியாபாரி சொன்னார். செத்த பிறகுமா அந்த மனுசனுக்குப் பட்டப்பெயர் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். எரிந்து விழ எனக்கென்ன தகுதி? அந்தப் பெயர் அவருக்கு வந்ததே என்னால்தான். அவரைத் தெரிந்த உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர் அவர். எங்கள் இருவர் வயலுக்கும் நடுவே ஒரு வரம்புதான். யானைக் காவலுக்கு அனுமதி பெற்ற துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் யானைகள் வெடிச்சத்தத்துக்குப் பழகிவிட்டன. அப்போதுதான் ஜெனரேட்டர் வைத்துப் படம் போடும் கொட்டிலில் ஒரு படம் பார்த்தேன். கதாநாயகன் சுட, துவக்கிலிருந்து நெருப்பு ஆறாய்ப் பாய்ந்து எதிரியின் ஜீப் எரிகிறது.

"அண்ணை, அப்பிடியொரு தோட்டா இருந்தா யானை இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்காது" என்றேன்.

"அது பெற்றோல் ஊத்திப் பத்த வைக்கிறது தம்பி. துவக்கு வாயில நெருப்பு அவ்வளவு தூரம் போகாது" என்று சிரித்தார்.

நான் விடவில்லை. தோட்டா நிரப்பும் ஒருவரைப் பிடித்து இரண்டு நெருப்புத் தோட்டாக்கள் செய்வித்தேன். நச்சரிப்புத் தாங்காமல் ஒன்றைக் குளத்துச் சேற்றுப் பக்கம் சுட்டுக் காட்டினார். மத்தாப்புப் போலக் கொஞ்சம் பொறி; கிட்டவே அவிந்துவிட்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள்.

"ஆனைக்கு இது ஒண்ணும் செய்யாது. வைக்கலுக்குத்தான் எமன். மத்தத தண்ணியில போட்டுருங்க" என்றார். நான் போடவில்லை. அந்தத் தோட்டா பழுது, மற்றது வேலை செய்யும் என்று நினைத்தேன், மடையன்.

அறுத்த கதிரைப் போர்போலக் குவித்துச் சூடு வைத்து, ஐயனாருக்குப் பொங்கிய பிறகுதான் அடிப்போம். நான் பொங்கி, அடித்து, மூட்டை கட்டிவிட்டேன். அவருடைய சூடு அடுத்த வெள்ளிக்காகக் காத்திருந்தது. ஒரு பின்னேரம் அவர் குளத்துக்குப் போயிருந்த நேரம் யானை வந்தது. நான் அவருடைய கொட்டிலுக்குள் ஓடி, துவக்கை எடுத்து, அந்தத் தோட்டாவால் சுட்டேன். யானை ஆறுதலாக, அவசரமில்லாமல் திரும்பிப் போனது. பொறி அவருடைய சூட்டில் விழுந்தது. ஐயோ, ஒரு வாளி தண்ணீர் கொண்டுவருவதற்குள் வருடச் சாப்பாடு முழுவதும் எரிந்து முடிந்தது.

அவர் ஓடிவந்த பிறகுதான் சனம் கூடியது. துவக்கு அனுமதி அவருக்கு மட்டுந்தான். நான் தொட்டதோ, அந்தத் தோட்டா செய்வித்ததோ தெரிந்தால் எனக்கு மறியல், சிறைதான். என் மகள் அப்போது கைக்குழந்தை. ராமையா அண்ணை என் முகத்தைப் பார்த்தார்.

"சுட்டது நான்தாங்க. பத்தினது என் பீடியால. அணைக்காமப் போட்டுட்டேன்."

அன்றிலிருந்து அவர் பீடி ராமையா. நான் இரண்டு மூட்டை நெல் கொடுத்தேன். ஊர் என்னைத் தர்மவான் என்றது. அதையும் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செத்தவீட்டில் அவர் மனைவி லெட்சுமி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவா அழவில்லை.

"தெரியுங்க. அவரு பீடிய விட்டு அப்பவே ஆறு வருசம். நீங்க ஒரு நாளைக்கு நாலு பேர் முன்னாடி சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் காத்திருப்புத்தான். இன்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். கேட்க அவர் இல்லை.