செல்வத்தின் ஆன்மா சாந்தியடைக

போன கிழமை, ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டுக் கராஜில் பனிச் சப்பாத்துத் தேடப் போய், ஒரு பிஸ்கட் ரின்னைக் கண்டெடுத்தேன். திறந்ததும் பழைய கசெற் மணம். பின்னாலேயே பொரித்த மீனும் ஈரக் கம்பளமும் கலந்த இன்னொரு மணம். அது ரின்னில் இல்லை. முப்பது வருடமாக என் மூக்கில் வாடகை இல்லாமல் குடியிருப்பது. தொண்ணூறுகளில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் எங்கள் மாடி நடைவழியின் மணம். ரின்னைக் கண்டெடுத்த அன்று காலைதான் வானொலியில், அங்கே எங்கள் அயலவராயிருந்த பாடகர் இறந்த செய்தியைச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நடைவழியின் கடைசிக் கதவு அவருடையது. தானே பாட்டுக் கட்டிப் பாடுகிறவர். "சோல் சிங்கர்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அகராதியைப் புரட்டினேன். சோல் என்றால் ஆன்மா. நாலு பேர் படுத்த எங்கள் அறையில் ஆங்கிலம் தெரிந்தவன் நான்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். முக்கியமாக நான்.

"செத்த வீட்டிலை பாடுறவர் அண்ணை, எங்கடை ஊரிலை சுண்ணம் பாடுற மாதிரி," என்றேன், அறையில் மூத்தவரான குலம் அண்ணையிடம்.

அவர் சிரிக்கவில்லை. தாய் செத்துப்போன செய்தி கடிதத்தில் அவர் கைக்கு வந்தபோது ஊரில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது.

"கொள்ளிதான் வைக்கேல்லை. ஒரு பாட்டாவது பாடுவிப்பம். வாடா செல்வம்."

ஞாயிறு மத்தியானம் வாழைப்பழச் சீப்போடும் கசெற் ரெக்கோடரோடும் கதவைத் தட்டினோம். "மதர். டெட். சோல். சிங்," என்றேன். அவர் முக்காலியிலிருந்து பூனையை இறக்கிவிட்டுப் பியானோ முன் உட்கார்ந்தார்.

"நேம்?"

இந்த நாட்டில் அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் என் பெயருக்காகத்தான் கேட்டார்கள். நிமிர்ந்து நின்று, "செல்வம்," என்றேன்.

பாடினார். "செல்வம்" என்று எடுத்து, வாயை மூடி "ம்ம்" என்று முனகி, அடிவயிற்றிலிருந்து "ஆ" என்று திறந்தார். குலம் அண்ணையின் தாய் பெயர் செல்வம்மா. அண்ணை குலுங்கிக் குலுங்கி அழுதார். என் செத்த வீட்டில் நானே வாழைப்பழத்தோடு முன்வரிசையில் நின்றேன்.

"அம்மான்ரை பேரை என்ன வடிவா இழுத்தவர், என்னடா?"

"ஓம் அண்ணை."

அதன் பிறகு லிஃப்ரில் காணும்போதெல்லாம் அவர் நெஞ்சில் கைவைத்து மெல்ல, "செல்வம்," என்பார். நான் "யெஸ்" என்பேன். அவர் ஒருமாதிரிப் பார்ப்பார். மனிதர் துக்கம் விசாரிக்கிறார் என்று விளங்க எனக்கு மாதங்கள் எடுத்தன.

குலம் அண்ணையிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. தாய்க்குப் பாட்டுக் கிடைத்த நிம்மதியோடே அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது பாடியவரும் இல்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை; மனைவிக்கு "இஞ்சாருங்கோ", பிள்ளைகளுக்கு "அப்பா", வேலையிடத்தில் வெறும் "செல்".

கராஜ் மூலையில் கிடந்த ரெக்கோடரில், அன்று பதிந்த அந்தக் கசெற்றைப் போட்டேன். இரைச்சல். பிறகு அந்தக் குரல்: "செல்வம்." காத்திருந்தேன். முனகல் இல்லை, "ஆ" இல்லை. நாடா அங்கே தேய்ந்துவிட்டிருந்தது. பின்னுக்கு ஓடவிட்டு மறுபடி போட்டேன். செல்வம்மாவைக் காணவில்லை.

"செல்வம்," என்றார் அவர், மெல்ல, லிஃப்ரில் சொல்வது போலவே.

பழக்கதோஷம். "யெஸ்," என்றேன்.