கப்பல் வாசனை

என் மனைவி வீட்டிலேயே பீர் காய்ச்சுவாள். இதைச் சொன்னால் கடலுக்கு அப்பால் மேன்லேண்டில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்களா? நீ இல்லையா?" என்பார்கள். எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடிக்கவே வராது. அவள் பிறந்தது தூத்துக்குடிக் கடற்கரையில், கிறிஸ்துமஸ் என்றால் ஜாடியில் திராட்சை ஒயின் போடுகிற குடும்பத்தில். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு, ஹேடோவில் இருக்கும் என் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று வருடம் போட்டுப் பார்த்தாள். கப்பலில் வந்து சேர்வதற்குள் திராட்சை பாதி அழுகிவிடுகிறது. எரிச்சலாகி பீருக்கு மாறினாள். பார்லி அழுகாது என்பது அவள் கணக்கு.

முளைகட்டி உலர்த்திய பார்லியைத்தான் மால்ட் என்கிறார்கள். பீரில் பெரும்பங்கு வெளிறிய மால்ட். இலையில் சோறு மாதிரி, அது இல்லாமல் ஒன்றும் நடக்காது, அது மட்டும் இருந்தாலும் இறங்காது. ருசிக்கென்று கொஞ்சமாகச் சேர்க்கிற மால்ட்கள் தனி. கேரமல் மால்ட்டில் காய்ச்சிய பாகின் இனிப்பு இருக்கும். பிஸ்கட் மால்ட் பேக்கரி வாசலை நினைவுபடுத்தும். சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் துளியும் கிடையாது, கறுக்க வறுத்த பார்லி, அவ்வளவுதான். ஆனால் அது ஒரு கை கூடினாலும் மொத்தப் பீரும் கரிச்சட்டியைக் கழுவிய தண்ணீராகிவிடும். அதனால் எதில் எவ்வளவு என்று தேர்ந்தெடுப்பதுதான் அவளுக்கு வேலையே. காய்ச்சுவதெல்லாம் யாரும் செய்யலாம் என்பாள்.

அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. எவர்சில்வர் டம்ளர்களில் ஒவ்வொரு மால்ட்டிலும் ஒரு ஸ்பூன் இடித்துப் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடி வைப்பாள். ஒரு டம்ளரில் மட்டும் எதுவும் போடாமல் வெறும் வெந்நீர். பிறகு கண்ணை மூடிக்கொள்வாள். நான் டம்ளர்களை இடம் மாற்றி ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுக்க வேண்டும்.

"வெந்நீர் எதுக்கு?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"நம்ம மூக்கு நமக்கே பொய் சொல்லும்ங்க. ரொம்ப ஆசைப்பட்டா இல்லாததெல்லாம் மணக்கும். அதைக் கையும் களவுமா பிடிக்கத்தான் இது."

ஒருமுறைகூட அவள் வெந்நீரிடம் ஏமாந்ததில்லை. மூக்கருகே கொண்டுபோன மாத்திரத்தில் "சல், இது வெறும் பானி" என்று தீவில் தொற்றிய இந்தியில் சொல்லித் திருப்பித் தந்துவிடுவாள். அந்த நேரத்து அவள் முகத்தில் இருக்கும் கர்வத்தைப் பார்க்கவே நான் முதலில் வெந்நீரைக் கொடுப்பேன்.

ஊர் உலகமெல்லாம் முகமூடி போட்டுத் திரிந்த காலத்தில் எங்கள் இருவருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு இருமலோடு போயிற்று. அவளுக்கு மூக்கைப் பறித்துக்கொண்டு போயிற்று. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நாக்கு மேலோட்டமாகச் சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மீன் குழம்பு கொதிக்கும்போது அடுப்பருகே நின்று அழுதாள். நான் பக்கத்து அறையில் பசியோடு உட்கார்ந்திருந்தேன். என் பசி மேலேயே எனக்குக் கோபம் வந்தது. டாக்டர், தானாகத் திரும்பும், தினமும் பழகிய வாசனைகளை முகர்ந்து பாருங்கள் என்றார். அவளுக்குப் பழகிய வாசனை எது? காலையில் எழுந்ததும் மால்ட் டப்பாக்களைத் திறந்து முகத்தைப் புதைத்துக்கொள்வாள். டப்பாவை மூடும் சத்தத்தை வைத்தே, இன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் தங்கை தூத்துக்குடியிலிருந்து வருவதாகச் சொன்னாள். பீர் போட்டே தீருவேன் என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள். மூக்கு வேலை எனக்கு வந்தது.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? என்ன மாதிரி?"

"மால்ட் மாதிரி."

டம்ளர் மூடி என் மேல் பறந்து வந்தது. போகப் போகக் கற்றுக்கொண்டேன். அபர்தீன் பஜாரில் சாயங்காலம் கடலை வறுக்கிற வாசனை என்றேன். ரவையைக் கருக விட்ட வாசனை, ஜவ்வுமிட்டாய் வாசனை என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணை மூடித் தலையாட்டுவாள். கேரமல் இன்னும் கொஞ்சம், சாக்லேட் அதில் பாதி என்று தீர்ப்புச் சொல்வாள். சொன்னால் சிரிப்பீர்கள், எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நாங்கள் அதிகம் பேசிக்கொண்ட நாட்கள் அவைதாம்.

காய்ச்சியதைப் புளிக்க வைத்த வாளியைக் குளியலறையில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஈரத்துணி சுற்றி, குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டோம். கிறிஸ்துமஸ் அன்று மதியம் பாட்டிலைத் திறந்தாள். நல்ல நிறம், நல்ல நுரை. தங்கை ஒரு மடக்குக் குடித்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, மழையில நனஞ்ச சாக்கு வாசம் அடிக்குதே."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு அடிக்கலியா?"

நான் இன்னொரு மடக்குக் குடித்துப் பார்த்தேன். "அடிக்குது. அது எல்லாச் சாமான்லயும் அடிக்கிறதுதானே?"

எனக்கு வேலை ஹேடோ வார்ஃபில், கப்பல் சரக்கு இறக்குகிற இடத்தில். சின்ன வயதிலிருந்தே இந்தத் தீவில்தான் இருக்கிறேன். அரிசி, பருப்பு, புதுச்சட்டை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் சரக்கறையின் புழுக்க வாசனையோடுதான் எங்களிடம் வந்து சேரும். வந்ததும் மொட்டைமாடியில் வெயிலில் காய வைப்போம், பிறகு அதைப் பற்றி நினைக்க மாட்டோம். அந்த முறை மால்ட்டும் கப்பலில் ஈரம் பட்டிருக்க வேண்டும். வழக்கம்போல் காய வைத்ததால், அவள் கடித்துப் பார்த்தபோது மொறுமொறுவென்றுதான் இருந்தது. உள்ளே பிடித்திருந்த பூஞ்சை வாசனையை நானும் முகர்ந்தேன்தான். சாமான் என்றால் இப்படித்தான் மணக்கும் என்று இருந்துவிட்டேன். முன்பெல்லாம் அவள்தான் மூட்டையைப் பிரித்ததுமே "சீ, ஏக்தம் கப்பல் வாசனை" என்று மூக்கைச் சுளித்துத் தள்ளி வைப்பாள். பணக்கார வீட்டு மூக்கு என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

"பரவால்லைக்கா, குடிக்கலாம்" என்று தங்கை சமாளித்தாள். என் மனைவி எழுந்தாள். பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் குளியலறையில் கவிழ்த்தாள். என்னைத் திட்டவில்லை. "உங்க மேல தப்பு இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் அன்று இரவு சோறு இறங்கியிருக்கும்.

அதன்பின் அவள் டப்பாக்களைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், தானாகவே டம்ளர்களை எடுத்து வைத்தாள். "சும்மா ஒரு தடவை" என்றாள். குரலில் எந்த எதிர்பார்ப்பும் இல்லாத மாதிரி பேசினாள். அப்படிப் பேச எவ்வளவு பாடுபட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். நான் டம்ளர்களை இடம் மாற்றினேன். முதல் டம்ளர், கேரமல். தலையை ஆட்டித் திருப்பித் தந்தாள். அடுத்தது பிஸ்கட். அதுவும் இல்லை. மூன்றாவதை வாங்கி மூடியைத் திறந்தவள் அப்படியே இருந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"என்னங்க. வருது."

"என்ன வருது?"

"காப்பிக்கொட்டை வறுக்கிற வாசம். அதுக்கு அடியில லேசா கருகல். சாக்லேட் மால்ட்தானே? சொல்லுங்க, சாக்லேட்தானே?"

மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்தது. அவ்வளவு சந்தோஷமான முகத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! எட்டி டம்ளருக்குள் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் கடைக்காரன் வெட்டிய அவள் பெயரின் முதல் எழுத்துகூடத் தெரிந்தது. சாக்லேட் மால்ட் இன்னும் என் பக்கத்தில்தான் மூடியோடு இருந்தது.

டம்ளரிலிருந்து கண்ணை எடுக்க எனக்கு ஒரு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடித் தாமதமே அவளுக்குப் போதுமாயிருந்திருக்கும். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லாதீங்க," என்றாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெந்நீர் ஆறும்வரை அவள் அதை முகர்ந்துகொண்டே இருந்தாள்.