பழியெல்லாம் மண்ணெண்ணெய்க்கு

கார் திருத்துகிறவனிடம் வருகிறவர்கள் நோயைச் சொல்வதோடு நிற்கமாட்டார்கள். மருந்தையும் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருந்து அவதிப்பட்டவர்களுக்கு இது விளங்கும். போர்க்காலத் தடையால் பெற்றோல் கிடைக்காது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் சொட்டவிட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். அதனால் எந்தப் பழுது வந்தாலும் குற்றவாளி ஒன்றுதான்.

ஊர் வைத்தியம்

நீர்வேலியில் வாடகைக்கார் ஓட்டிய செல்லையா அண்ணையின் ஜப்பான் கார் என் கராஜுக்கு வந்தபோது, ஊரே அதற்கு வைத்தியம் பார்த்து முடித்திருந்தது. கொஞ்சத் தூரம் நன்றாக ஓடும். எஞ்சின் சூடேறியதும் இருமும், குலுக்கும், நடுத்தெருவில் நின்றுவிடும். ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். எண்ணெயைத் துணியில் வடிக்கச் சொன்னார் ஒருவர். அதில் பூச்சி உருண்டை கரைக்கச் சொன்னார் இன்னொருவர். கண்ணூறு கழிக்கச் சில்லுக்கு அடியில் வைத்த தேசிக்காயும் நசிந்தாயிற்று.

அவருடைய மகளுக்கு நிறைமாதம். அந்தப் பக்கத்தில் ஓடக்கூடிய கார் வேறு இல்லை. செல்லையா அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையை ஆசுப்பத்திரியிலை சேர்க்குமட்டுமாவது ஓடவை தம்பி. பிறகு உது செத்தாலும் பரவாயில்லை."

தெருவில் பரிசோதனை

பிளக்குகளைத் துடைத்தேன், காபரேற்றரைக் கழுவினேன். கராஜுக்குள் அது நல்ல பிள்ளை. தெருவில் இறங்கினால் பழைய குணம். கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. நானும் அவரோடு ஏறிப் போனேன். கோப்பாயில் நின்றது. உடனே பொனற்றைத் திறந்து பார்த்தால், பிளக்கில் நெருப்புப் பொறியே இல்லை! பொறி இல்லாவிட்டால் எண்ணெய் என்ன செய்யும்? அந்தக் காரில் எப்போது பொறி அடிக்கவேண்டும் என்று சொல்வது, பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன சென்சர். என் சந்தேகம் அதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் வந்த ஒருவர், காலை ஊன்றாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

"மண்ணெண்ணெய்தான் தம்பி. எனக்கு இஞ்சை வரேக்கையே மணந்தது."

ஒத்தடம்

ஆறியபின் சோதித்தால் சென்சர் சுகமாகத்தான் இருந்தது. சூட்டில்தான் அதன் குட்டு வெளிப்படும். செல்லையா அண்ணை வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி, அவர் மனைவியிடம் மணல் வறுத்துத் துணியில் முடிந்து தரும்படி கேட்டேன். அக்கா முதலில் என் முழங்காலைத்தான் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு, அந்தப் பொட்டளியை டிஸ்ரிபியூட்டரோடு அணைத்துப் பிடித்தேன். கார் இருமியது, குலுக்கியது. ஈரத்துணி போட்டேன், சரியாக ஓடியது. திரும்பவும் செய்தேன், திரும்பவும் அதே கதை. எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. அக்காவுக்கு மட்டும் திருப்தியில்லை.

"சனத்துக்கு ஒத்தடம் குடுத்தால் நொண்டுறது நிக்கும். உதுக்குக் குடுத்தால்தான் நொண்டத் தொடங்குது!"

நிற்காத கார்

புதுச் சென்சருக்கு வழியில்லை. உதிரிப்பாகம் எதுவும் கொழும்பிலிருந்து வரவிடமாட்டார்கள். கழற்றிப் பார்த்தேன். அதன் மெல்லிய வயர், மேலுறைக்குள்ளேயே முறிந்திருந்தது. குளிரில் முனைகள் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் விலகும். செத்த ரேடியோ ஒன்றிலிருந்து வயர் உருவி, சிரட்டைக் கரியில் இரும்பைக் காய்ச்சி ஈயத்தால் பற்றவைத்தேன். சென்சர் கருகினால் அந்தப் பெண்ணுக்குக் கார் இல்லை.

அடுத்த கிழமை ஒரு காலையில் அவளுக்கு வலி கண்டது. செய்தி வரும்வரை நான் ஒரு ஆணிகூடக் கழற்றவில்லை. தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்ட பிறகுதான் பார்க்கப் போனேன். அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"உங்கடை கார் ஒரு இடத்திலையும் நிக்கேல்லை அண்ணை. நான் நோவிலை நிப்பாட்டுங்கோ எண்டு கத்தியும், திரும்பக் கிளம்பாதெண்ட பயத்திலை அப்பா நிப்பாட்டேல்லை!"

கார் நின்றதற்காகத் திட்டு வாங்காத மெக்கானிக் இல்லை. நிற்காமல் ஓடியதற்காகத் திட்டு வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.