வட்டத்துக்குள் விழுந்த எங்கள் வீடு

எங்கள் ஊர் மாசாய்க்கு வந்து பார்க்காமலேயே எங்களுக்குக் கிளினிக் வேண்டாம் என்று முடிவு செய்தவர் நீங்கள். நகராண்மைக் கழகத்துக்குக் கணினி வரைபடம் போட்டுக் கொடுத்த ஆலோசகரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

இருக்கிற கிளினிக்கைச் சுற்றி வட்டம் போட்டீர்கள். உள்ளே விழுந்த வீடுகளுக்குப் புதுக் கிளினிக் தேவையில்லை என்றீர்கள். எங்கள் தாமான் குடியிருப்பின் வீடுகள் உள்ளே விழுந்தன. எங்களுக்கு ஒதுக்கிய கிளினிக் நிலம் கடைவரிசைக்குப் போகப் போகிறது. இருக்கிற கிளினிக்குக்கும் எங்களுக்கும் நடுவில் நெடுஞ்சாலை ஓடுவதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. என் மனைவிக்குக் காலில் சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்ற வேண்டும். நான் தொழிற்சாலைக்குப் போய்விட்டால், தடுப்புக் கம்பி உடைந்த இடத்தில் புகுந்து லாரிகளுக்கு நடுவே கடக்கிறாள்.

கழகத்தின் திட்டப் பிரிவு முகப்பில் போய்க் கத்தினேன். உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழ்ப் பெண்.

“அங்கிள், கத்தி முடிச்சிட்டீங்களா, இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப உங்க வீட்டுக்குப் போற வழியில மிச்சத்தக் கத்துங்க. நானும் வரேன்.”

வருகிறேன் என்று சொல்லாத அதிகாரி கிடையாது. இவர் அன்றே வந்தார். என் மனைவியோடு நடந்து கம்பி உடைந்த இடம்வரை போனார்.

“லோரி போனதும் ஓடிரணும்மா,” என்றாள் மனைவி.

“இந்தக் கால வச்சிக்கிட்டு ஓடுறீங்களா அக்கா?”

அடுத்த வாரம் அந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கணினியைக் காட்டினார். தூரத்தை நேர்கோட்டில் அளக்காமல், மனிதர் பயமில்லாமல் நடக்கக்கூடிய பாதையில் அளக்கும்படி மாற்றியிருந்தார். எங்கள் வரிசை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

“பாத்தீங்களா அங்கிள், உங்க வீடு ரொம்ப தூரம்.”

“அததான்லா அன்னிக்கே சொன்னேன்.”

“எனக்குக் கேட்டுச்சு. இந்தக் கம்ப்யூட்டருக்கும் கேக்கணும்ல.”

எனக்கு நயமாக நன்றி சொல்ல வராது. இத்தனை வருடத்தில் எங்கள் ஆட்கள் நடக்கும் வழியைத் தானும் நடந்து பார்த்த அதிகாரி அவர் ஒருவர்தான். அவருடைய பிறந்தநாள் தெரிந்திருந்தால் கோயிலில் அர்ச்சனை செய்திருப்பேன். தெரியாததால் என் மனைவி தோசை சுட்டுக் கொடுத்தனுப்பினாள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது.

இப்போது கழகத்தின் முன் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. பழையதே போதும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களாம். மண்டபத்தில் ஆட்சேபக் கூட்டம் நடக்கும்போது மேடைக்கு வாருங்கள். எங்கள் எல்லார் முன்னாலும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்: என் மனைவி எந்த வழியாகக் கிளினிக்குக்குப் போக வேண்டும்?