மருந்து போடாத கிணறு

பரமலிங்கம் டொக்டரைக் கெட்டிக்காரர் என்று யாழ்ப்பாணத்தில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள். வருத்தம் வந்தபின் ஊசி போடுகிறவர்தான் எங்கள் சனத்துக்கு டொக்டர்; வருத்தம் வராமல் பார்க்கிறவர் வேலையில்லாத மனுஷன். இவர் எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பில் எல்லாவற்றையும் பறிகொடுத்து, அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர். கூடப் படித்தவர்கள் லண்டன் போனார்கள். பிறகு மனைவியும் பிள்ளைகளும் போனார்கள். இவர் சுகாதாரப் பகுதியில் சேர்ந்து, சைக்கிளில் ஊர் ஊராகக் கிணறுகளுக்குக் குளோரின் போட்டுத் திரிந்தார்.

நான் யோசப்பின், கொழும்புத்துறைக்காரி. பன்னிரண்டு வருடம் அவரோடு வேலை செய்த மருத்துவிச்சி.

"டொக்டர், உங்களைக் கண்டா தவளையும் கிணத்தை விட்டு ஓடுது" என்பேன்.

சிரிப்பார். ஆனால் ஒரு கிணற்றையும் விடமாட்டார். கோயில் ஐயர் சண்டை பிடித்தும் விடவில்லை. எங்கள் பங்குச் சுவாமியார் கேட்டும் விடவில்லை. அவருடைய பகுதியில் வயிற்றோட்டத்தில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. அவருக்கென்று இருந்த ஒரே பெருமை அது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, யாழ்ப்பாணமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. கொடிகாமத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எண்ணூறு பேர் அடைந்து கிடந்தோம். ஒரு கிணற்றில்தான் நல்ல தண்ணீர், மற்றதெல்லாம் உவர். காலையும் மாலையும் டொக்டர் தன் கையாலேயே மருந்து கலந்தார்.

அங்கே நாலு வயது மகளோடு குணலட்சுமி இருந்தாள். புருஷன் வரும் வழியில் மழைக்குள் நெஞ்சுவலி வந்து செத்துப்போனான். முப்பத்தோராம் நாள் அவனுக்கு அந்தியேட்டிச் சடங்கு. அதற்கு முதல்நாள் என்னிடம் வந்து அழுதாள்.

"அக்கா, அவர் மருந்து மணக்கிற தண்ணியை வாயிலையும் வையார். படையலுக்கு நல்ல தண்ணி வைக்கவேணும். நாளைக்கு மட்டும் போடவேண்டாமெண்டு சொல்லுங்கோவன்."

எனக்கு மனம் கேட்கவில்லை. போய்ச் சொன்னேன். முடியாது என்றார். நான் விட்டேனா?

"உங்களுக்கு ஈவிரக்கமே இல்லையோ டொக்டர்? ஒரு நாள்தானே!" என்று கத்தினேன்.

குளோரின் வாளியைக் கீழே வைத்தார். "சரி. எல்லாரையும் கொதிக்கவைச்சுக் குடிக்கச் சொல்லும், யோசப்பின்" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவர் இறங்கி வந்தது அந்த ஒருதரம்தான்.

நான் எல்லோருக்கும் சொன்னேன்தான். மாரி மழையில் ஊறிய விறகை வைத்து எண்ணூறு பேருக்கு யார் கொதிக்கவைப்பது? எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. முப்பது பேர் படுத்தார்கள். டொக்டர் இரண்டு நாள் கண்மூடவில்லை. மற்றவர்கள் எழும்பினார்கள். குணலட்சுமியின் மகள் எழும்பவில்லை.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பின்னேரம் டொக்டர் அவளுக்கு முன்னால் போய் நின்றார். "பிழை என்ரை, பிள்ளை" என்றார்.

மண்ணை வாரி இறைத்துத் திட்டுவாள் என்று பயந்தேன். அவள் குரலே உயரவில்லை.

"நான் புருஷனைப் பறிகுடுத்தவள் ஐயா, அழுதுதான் கேப்பன். நீங்கள் விளங்கினவர். என்னை ஏசிக் கலைச்சிருக்கலாமே. ஏன் விட்டனீங்கள்?"

 யோசப்பின் கத்திக் கரைச்சல் தந்ததால்தான் விட்டேன் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்றேன், நானும் சொல்லவில்லை.