உப்பில்லாத கோடை

என் கணவர் குடிகாரர் அல்லர். ஒரு சொட்டு மதுவும் அவர் நாவில் பட்டதில்லை. அவரைக் குடிகாரர் என்று ஊரை நம்பவைத்தவள் நான்... நான்தான்!

முகத்தைச் சுளிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுப் பிறகு என்னை ஏசுங்கள்.

அப்போது நாங்கள் செகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலில் குடியிருந்தோம். அவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மணமாகி வந்த நாள்முதல் காலையும் இரவும் அவர் ஏதோ மாத்திரை விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "வயித்துப் புண்ணு, லலிதா" என்பார். அவருடைய அக்காவும் அதையே சொன்னார். நம்பாமலிருக்க எனக்கென்ன காரணம்? மிளகாயைக் குறைத்துச் சமைத்தேன், ஏமாளி!

ஒரு கோடையில் ஆலை மருத்துவர் அவருக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதாகச் சொல்லி, உப்பைக் குறைக்கச் சொன்னார். மாத்திரையைப் பற்றி அந்த மருத்துவரிடமும் இவர் மூச்சுவிடவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயமாம்... நான் உப்பைக் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்தினேன். எதையும் அரைகுறையாகச் செய்யும் வழக்கம் எனக்கு இல்லை. சாம்பாரில் உப்பில்லை, மோரில்கூட இல்லை. ஊறுகாய் ஜாடி பரண் ஏறியது.

"கொஞ்சமாவது போடேன், லலிதா. தொண்டையில இறங்க மாட்டேங்குது."

"நக்கோன்னா நக்கோ! வேண்டாம்னா வேண்டாம்தான்!" என்று அக்கம்பக்கத்துப் பேச்சில் கேலி செய்தேன். சிரித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்துபோனார்.

சில நாட்களில் கை நடுங்கத் தொடங்கியது. காபி தம்ளர் தளும்பிச் சட்டையெல்லாம் கறை. வெயில் படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பிற்பகல் ஆலைப் பேருந்திலிருந்து இறங்கியவர் தள்ளாடித் தள்ளாடி வந்தார். நாக்குக் குழறியது. குவார்ட்டர்ஸ் பெண்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, வாசலிலேயே வாந்தி எடுத்தார். என் மானம் போயிற்று!

"குடிச்சிட்டா வந்து நிக்கிறீங்க? த்தூ! அங்கேயே கெடங்க!"

கதவைச் சாத்தித் தாழிட்டேன். "இல்ல... இல்ல..." என்று வெளியே குழறினார். நான் திறக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுச் சரோஜம்மா அலறிக்கொண்டு கதவைத் தட்டியபோதுதான் திறந்தேன். அவருக்குக் கைகால்கள் இழுத்துக்கொண்டிருந்தன.

செகந்திராபாத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். வயிற்றுப் புண்ணுக்கு என்றேன். போவன்பள்ளியிலிருந்து ஓடிவந்த அவருடைய அக்கா டாக்டரைத் தனியே அழைத்து ஏதோ முணுமுணுத்தார். நான் விடவில்லை, பின்னாலேயே போய் நின்று கேட்டேன்.

லித்தியம்! மனம் ஒரு சமயம் கட்டுக்கடங்காமல் பொங்கி, ஒரு சமயம் அடியோடு சோர்ந்துவிடும் நோய்க்கான மருந்து அது. திருமணத்துக்கு முன்பிருந்தே சாப்பிடுகிறாராம். உப்பைத் திடீரென்று குறைத்தால், அதுவும் வியர்வை கொட்டும் கோடையில், உடம்பு அந்த மருந்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளுமாம். தேங்கினால் நஞ்சாம்.

"உப்பை இஷ்டத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ கூடாதுன்னு முதல்லயே சொல்லியிருப்பாங்களே?" என்றார் டாக்டர்.

சொல்லியிருந்தார்கள். அக்காவுக்குத் தெரியும். தம்பிக்கும் தெரியும். சமைத்துப் போடுகிற எனக்கு மட்டும் தெரியாது!

"ஏன் அண்ணி எங்கிட்ட மறைச்சீங்க?"

"சொல்லியிருந்தா நீ கழுத்த நீட்டியிருப்பியா? யார்கிட்டயும் வாய திறக்கக் கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினதே நான்தான்."

எப்படிப்பட்ட துரோகம்! என் கையாலேயே என் தாலிக்கு நஞ்சு வைக்கவிட்டு அக்காவும் தம்பியும் வாய்மூடி இருந்திருக்கிறார்கள். உப்பில்லாத சோற்றை அவர் தெரிந்தே விழுங்கினாரே, உண்மையை மட்டும் ஏன் சொல்லவில்லை? அத்தனை வருடம் யாருடன் குடும்பம் நடத்தினேன் நான்?

பிழைத்தார். ஆனால் அந்தத் தள்ளாட்டமும் குழறலும் அவரை விட்டுப் போகவே இல்லை.

வீடு திரும்பிய அன்று சரோஜம்மா வந்து நின்றாள். "ஏமைந்தி லலிதம்மா? என்ன ஆச்சு? குடிதானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆமா, குடிதான். இனிமே தொட மாட்டாராம்" என்றேன். கட்டிலில் படுத்திருந்த அவர் என்னைப் பார்த்தார். மறுக்க வேண்டுமானால் நோயைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்!

மகள் சுதாவுக்காகச் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. மனநோய்க்காரர் மகளை யார் கட்டுவார்கள்... பொய்! அவருக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

ஆலை முழுவதும் பேச்சுப் பரவியது. சுதாவிடமும் அதையே சொல்லி வளர்த்தேன். "மொதல்ல வாய மோந்து பாரு, அப்புறம் அப்பா கையப் புடி" என்று அவளுக்குப் பழக்கியவளும் நானே. சாலையைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சின்னப் பெண், "டாடி, ஹா போலோ" என்று வாயை ஊதச் சொல்வாள். அவர் குழந்தைபோல வாயைத் திறந்து காட்டுவார்.

இப்போது சுதா கல்லூரிக்குப் போகிறாள். அவள் கேட்பதை விட்டு வெகுகாலமாயிற்று. அவர் விடவில்லை.

நேற்று மாலை நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தடுமாறினார். தூக்கிவிடக் கை நீட்டினேன். என் கையைப் பிடிக்கும் முன், எல்லாம் தெரிந்த என்னிடமே, "ஹா" என்று வாயைத் திறந்தார்.

சுதா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து மோந்து பார்த்தேன்.