லிஸ்பனுக்கு வாக்குப் போடப் போனவள்

என்னையும் ஃபிலொமெனாவையும் ஹோட்டலில் சோடியாக வேலைக்குப் போட்டதற்கு ஒரே காரணம், நாங்கள் இருவரும் ஒரே மொழி பேசுபவர்கள் என்று மேற்பார்வை செய்யும் மதாம் நம்பியதுதான். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்க இருவர் இருவராக அனுப்புவார்கள். ஒரு காலையில் மதாம், குள்ளமான, சுருட்டைமுடிப் பெண்ணொருத்தியைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தி, "பேசிக்கொள்ளுங்கள், வேலை வேகமாக நடக்கும்" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "கோவா?" என்று கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டி, "பிலிப்பீன்?" என்றேன். அவளும் தலையாட்டினாள். நாங்கள் மாறி மாறித் தலையாட்டுவதைப் பார்த்த மதாம், பேச்சுத் தொடங்கிவிட்டது என்ற திருப்தியோடு படியிறங்கிப் போனாள்.

அவள் தன் நெஞ்சில் கைவைத்து, "தீமோர்" என்றாள். "தீமோர் லெஸ்தே."

விரித்துக்கொண்டிருந்த கட்டில் துணியை அப்படியே விட்டுவிட்டேன். ஈஃபில் கோபுரத்தைக் கேள்விப்படுவதற்கு முன்பே நான் கேள்விப்பட்ட பெயர் அது. வன்னியில் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்த காலத்தில், சந்தையடியில் கூட்டம் நடந்தால் ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் கடைக்குள் வந்துவிடும். சீனி நிறுத்துக்கொண்டே கேட்போம். கிழக்குத் தீமோர் என்ற பெயர் வராத பேச்சில்லை. சின்ன நாடு, பெரிய இந்தோனேசியாவோடு மோதி வென்ற நாடு, இன்று அவர்கள் நாளை நாங்கள். அது வரைபடத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கடையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது முடிந்து, முட்கம்பி முகாமும் முடிந்து, நான் பாரிசுக்கு வந்து சேர்ந்தபோது, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலும் அதே பெயர் எனக்கு முன்பே வந்து குடியிருந்தது. என் அக்காவின் கணவர், எண்பதுகளிலேயே இங்கு வந்தவர், மார்க்ஸ் டோர்மோயில் இருக்கும் தன் வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட அதைச் சொல்வார். "கிழக்குத் தீமோரைப் பார், வதனி. பொறுமைதான் வேணும்."

இப்போது அந்தப் பெயர், கையில் தலையணை உறையோடு என் முன்னால் நின்றது. நான் என்ன கேட்டேன் தெரியுமா? அப்போது என்னிடம் இருந்த பிரெஞ்சு, சொற்களைக் கல்லுக் கல்லாக எடுத்து வைக்கும் பிரெஞ்சு. "உனக்கு நாடு இருக்கு. ஏன் இஞ்சை?" என்ற பொருளில், "து ஆ பேயி. பூர்க்குவா இசி?" என்றேன்.

அவள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. தலையணையைக் கட்டிலில் வைத்துவிட்டு, மேலங்கிப் பைக்குள் கைவிட்டு, ஒருகாலத்தில் அவள் நாட்டை ஆண்ட போர்த்துக்கலின் அடையாள அட்டையை எடுத்து என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "பப்பியே, சே போன்" என்றாள். என் பத்திரங்கள் சரியாகத்தான் இருக்கின்றன.

மெத்ரோவில், மருத்துவமனையில், என் பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் எத்தனை பேர் என்னிடம் இதைக் கேட்டிருப்பார்கள். உன் ஊரில்தான் சண்டை முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் இங்கே? ஒவ்வொரு முறையும் அவமானத்தில் எரிந்திருக்கிறேன். அதே கேள்வியை, அதே தொனியில், வெள்ளைக்காரி அல்லாத நான் கேட்டிருக்கிறேன். அவள் கையைப் பிடித்து அட்டையைத் திரும்பப் பைக்குள் வைக்கச் செய்தேன்.

சமாதானமானது சோற்றால்தான். மதியம் உடைமாற்றும் அறையில் அவளும் சோறு, நானும் சோறு. அவள் மிளகாயைப் பச்சையாகக் கடிப்பதைப் பார்த்து, நான் என் டப்பாவில் இருந்த சம்பலை அவள் பக்கம் தள்ளினேன். மாதங்கள் போகப்போக எங்கள் இரண்டு உடைந்த பிரெஞ்சும் சேர்ந்து ஒரு முழு மொழி போலாகிவிட்டது. அவள் சொன்னதை என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். அவள் பேச்சு எனக்கு அப்படித்தான் கேட்டது.

எண்ணெய்க் காசு வந்ததாம். கடலுக்கடியில் இருந்து எடுத்த எண்ணெயும் வாயுவும். அந்தக் காசை வருங்காலப் பிள்ளைகளுக்கென்று வெளிநாட்டில் போட்டு வைத்திருக்கிறார்களாம். "வருங்காலப் பிள்ளையளுக்கு இருக்கு. இப்ப இருக்கிற பிள்ளையளுக்குத்தான் சாப்பாடு காணாது" என்றாள். தெற்குக் கரையில் அண்ணனின் சோளக்காணியை எடுத்துப் பெரிய சாலை போட்டார்கள். "நல்ல ரோட்டு. பிரான்சில இருக்கிற மாதிரி. எருமை மாடுகள் போய் வருது." அம்மாவின் வீட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டது, தண்ணீர் இன்னும் வரவில்லை. காட்டில் போராடியவர்களுக்கு உதவிப்பணம் உண்டு. அவள் அப்பாவுக்குக் கிடைத்தது. இருபது வருசம் காட்டுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்த பக்கத்து வீட்டு மனிசிக்குக் கிடைக்கவில்லை. அந்த மனிசி துவக்குத் தூக்கவில்லையாம். இளம் பெடியன்கள் கொரியாவுக்கு வேலைக்குப் போகப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

தலைநகர் டிலியில் அவளுடைய சொந்த வீட்டை எரித்ததை ஒருநாள் குளியலறைக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னாள். சுதந்திரம் கிடைத்து நாலு வருசத்துக்குப் பிறகு. "இந்தோனேசியாக்காரர் எரிக்கேல்லை. எங்கட ஆக்கள். கிழக்கு ஆக்கள், மேற்கு ஆக்கள் எண்டு அடிபட்டவை." விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கூடாரத்தில் இருந்தாளாம். நானும் கூடாரத்தில் இருந்தவள்தான். ஆனால் என் கூடாரத்தில் இருந்தபோது கைநீட்டிக் குற்றம் சொல்ல எனக்கு எதிரி இருந்தான். அவளுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

இதையெல்லாம் நான் அத்தானிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது அவள் தீமோர்க்காரி என்பதை மட்டும். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினார். "அவவை ஒருக்கால் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வா, வதனி. எங்கட சனத்துக்கு ஒரு நம்பிக்கை வரட்டும்."

ரூ காய் என்ற தெருவில், ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலக்கீழ் அறையில்தான் அத்தானும் நண்பர்களும் நடத்தும் கூட்டம். மேலே கொத்துரொட்டி போடும் தாளம் கூரைவழியே கேட்கும். ஃபிலொமெனா ஞாயிறு பூசை முடித்து, தங்கள் ஊர் நெசவுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மாலை போட்டார்கள். நான் பக்கத்தில் நின்று தமிழாக்கினேன். முதலில் தன் நாடு சுதந்திரத்துக்கு வாக்களித்த நாளைச் சொன்னாள்: கோவிலுக்குப் போகும் உடுப்போடு விடியுமுன்னே சனம் வரிசையில் நின்றதும், வாக்குப் போட்டதற்காகவே பிறகு ஊரெல்லாம் எரிந்ததும். அறை முழுக்கக் கைதட்டியது. அத்தான் கண்ணைத் துடைத்தார். அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நல்ல ஞாயிற்றுக்கிழமையாக முடிந்திருக்கும். அவள் நிறுத்தவில்லை. எங்களைத் தன் வீட்டு மனிதர்கள் என்று நினைத்துவிட்டாள் போலும். எருமை நடக்கும் சாலை, உதவிப்பணம் கிடைக்காத மனிசி, எரிந்த வீடு எல்லாவற்றையும் சொன்னாள். நானும் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். கதிரைகள் தரையில் உராயத் தொடங்கின.

பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "பிள்ளை, இவ சொல்லுறதைப் பார்த்தா சுதந்திரம் கிடைச்சதே பிழை எண்டெல்லே வருது. ஆரோ அனுப்பி வந்த ஆள் மாதிரிக் கிடக்கு." சிலர் சிரித்தார்கள்.

"என்ன சொல்லுறார்?" என்று ஃபிலொமெனா என்னிடம் கேட்டாள்.

நான் தரையைப் பார்த்தேன். அவள் என் முகத்தையும் அந்தப் பெரியவரின் முகத்தையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "விளங்குது. எங்கட ஊரிலயும் அப்பிடித்தான். ரோட்டில பள்ளம் இருக்கெண்டு சொன்னா, நீ ஆரின்ர ஆள் எண்டு கேப்பினம்."

இதையும் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தான் அவசரமாக எழுந்து நன்றி சொல்ல, தேத்தண்ணியும் வடையும் வந்தன. ஃபிலொமெனா வடையை மகிழ்ச்சியாகச் சாப்பிட்டு, எப்படிச் சுடுவது என்று விசாரித்தாள். அவளுக்குக் கோபமே இல்லை. அது என்னை இன்னும் குறுக வைத்தது. இத்தனை வருசம் நாங்கள் அவளுடைய நாட்டின் பெயரைக் கடன் வாங்கி மேடையில் வைத்திருந்தோம்; அதற்குள் இருந்து ஒரு மனிசி வெளியே வந்ததும் பிடிக்காமல் போய்விட்டது. அத்தான் என்னை மெத்ரோ வரை கூட்டிவந்தார். படிக்கட்டில் நின்று, "அவ உண்மையைத்தான் சொன்னவ" என்றார். "எங்கட சனத்துக்கு இப்ப அது தாங்காது, வதனி. எனக்கும் தாங்கேல்லை."

அடுத்த கோடையில் ஃபிலொமெனா மதாமிடம் விடுமுறை கேட்டாள். "லிஸ்பனுக்கா? கடலுக்கா?" என்றாள் மதாம். வாக்குப் போட என்று ஃபிலொமெனா சொன்னதும், மதாம் மூன்று முறை கேட்டு உறுதிசெய்து கொண்டாள். தன் வாக்குச்சாவடி தன் தெருவிலேயே இருந்தும் தான் போவதில்லை என்று பெருமையாகச் சொன்னாள். தீமோர்க்காரர் வெளிநாட்டில் வாக்களிக்க அந்த வருசம்தான் வழி வந்திருந்தது. பாரிசில் இல்லை, முன்பு அவள் வாழ்ந்த லிஸ்பனில். நான் கலியெனி பேருந்து நிலையம் வரை போய் வழியனுப்பினேன். ஒரு நாளுக்கு மேல் இருந்தபடியே போக வேண்டும். வாக்குப் போட்டுவிட்டு அதேபோலத் திரும்ப வேண்டும்.

"நீ கடைசியா எப்ப வாக்குப் போட்டனி?" என்று ஏறுமுன் கேட்டாள்.

நான் ஒருநாளும் போட்டதில்லை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் நாடே வாக்களித்தபோது வன்னியில் நாங்கள் போடவில்லை. போட வேண்டாம் என்பதுதான் இயக்கத்தின் சொல். அன்று நான் தலைமுழுகி, முடியைக் காயவைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தேன். ஏதோ ஒன்றை இழக்கிறேன் என்ற எண்ணம் துளியும் இல்லை. அரசியலை மூச்சு மாதிரிப் பேசிய ஊரில் வளர்ந்தவள். என் கையால் ஒரு கோடு கீறியதில்லை. பேருந்து கிளம்பும் சத்தத்தில், கேள்வி காதில் விழாதவள் போலக் கையாட்டினேன்.

அவள் கட்சி மயிரிழையில் முன்னுக்கு வந்தது. சில மாதங்களில் அந்த அரசாங்கம் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாமல் தடுமாறி, எல்லாம் கலைந்து, ஒரு வருசம் ஆகுமுன்னே மறுபடி தேர்தல். "மறுபடியுமா?" என்றேன். "மறுபடியும்தான்" என்று அவள் பையைக் கட்டினாள். மதாம் தலையில் கைவைத்தாள். இம்முறை அவள் கட்சி தோற்றது.

திரும்பி வந்தவள் வழமைபோலக் கட்டில் துணியின் ஒரு முனையை என்னிடம் எறிந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "சண்டை வருமே? அம்மா பாதுகாப்பா இருக்கிறாவே?"

அவளுக்குக் கேள்வி விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "ஏன் சண்டை? தோத்துப் போனம். அடுத்த முறை பாப்பம்." தொலைபேசியில் ஒரு படம் காட்டினாள். அம்மா மை பூசிய விரலை உயர்த்திக் கொண்டிருந்தார். பின்னால் மின்குமிழ் எரிந்தது. "அப்ப எரிஞ்ச நேரம் சரியாப் பயந்தனாங்கள். இந்த முறை பயப்பிடேல்லை. இவங்கள் களவெடுத்தாலும் அம்மா அடுத்த முறை வீட்டுக்கு அனுப்பிவிடுவா."

நான் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர்களிடம் வேலை இல்லை, தண்ணீர் இல்லை. இருந்தும் தோற்ற மறுநாள் கட்டில் விரிக்க முடிகிறது. எனக்கு வந்தது பொறாமை. கட்டில் விரிக்கும் ஒருத்தியின் தோல்வியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேனே என்று வெட்கம். வெற்றி என்றால் கொடியேற்றுவது என்று மட்டுமே எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்; நானும் அதற்குமேல் கேட்டதில்லை.

அந்த வருசக் கடைசியில் எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அடுத்த மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். தெரியாத ஆட்கள், தெரியாத கட்சிகள். "உனக்கு பஸ்கூடத் தேவையில்லை" என்றாள் ஃபிலொமெனா.

வாக்குச்சாவடி பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில். மேசை நீளத்துக்குக் கட்சிகளின் தாள்கள் அடுக்கியிருந்தன. எதை எடுப்பது என்று தெரியாமல் கை நிறைய அள்ளிக்கொண்டு, திரை போட்ட கூண்டுக்குள் போனேன். நாற்பத்து மூன்று வயதில் முதல் முறையாக, எவரும் என்ன செய்யென்று சொல்லாத ஓரிடத்தில் நின்றேன். தாள்களைப் புரட்டினேன். நூற்றுக்கணக்கான பெயர்கள். அவற்றில் என் ஊர் ஆளொருவரின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியபோது, எழுத்துகள் கலங்கிப் போயின. திரை முழங்காலோடு நின்றது. வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு என் சப்பாத்து மட்டும் அசையாமல் தெரிந்திருக்கும்.

"மதாம்? சா வா?" என்று, எல்லாம் சரிதானா என்ற பொருளில், ஓர் ஆண்குரல் திரைக்கு அப்பால் மரியாதையாகக் கேட்டது.

"வாறன்" என்றேன். "ஒரு நிமிசம், வாறன்." தமிழில் சொல்லிவிட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தக் குரல், எல்லாம் விளங்கியதுபோல, "த்ரே பியான், மதாம்" என்றது. மிகவும் நல்லது, மதாம்.